பொட்டு மீனைக் காப்பது எப்படி: சென்னை ஏரிக்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த மீனை மேலிருந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சளும் பச்சையும் மினுங்கும் ஒரு துரும்பு, அவ்வளவுதான். ஏரிக்கரையில் குனிந்து பார்த்தால், கலங்கிய தண்ணீரின் மேல்மட்டத்தில் வெள்ளிப் பொட்டு ஒன்று நிற்கும், உடல் தெரியாது. கையின் நிழல் பட்டதும் பொட்டு ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடி நிற்கும். நான் வளர்ந்த தெருவில் இதைப் பொட்டு மீன் என்போம். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பஞ்சாக்ஸ் என்று கேட்டால் தெரியும். பழகிய வளர்ப்பாளர்கள் கில்லி என்பார்கள். அறிவியல் பெயர் அப்லோகைலஸ் பார்வஸ். பார்வஸ் என்றால் லத்தீனில் சிறியது. முழுதாக வளர்ந்த மீன்கூடச் சுண்டுவிரல் நீளத்தைத் தாண்டுவது அரிது.

அந்தப் பெயரில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1916-இல் பி. சுந்தரராஜ் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் இதைத் தனி இனமாக விவரித்தார். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறைக்கு இயக்குநரானவர் அவர். 1911-இல் பெயர் சூட்டப்பட்ட பிளாக்கி என்ற கேரளத்து உறவோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வது நெடுங்காலம் நடந்தது. கடைகளில் இன்றும் நடக்கிறது. இந்தக் குழப்பம் கடைசிப் படியில் நமக்குத் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த மீன் அச்சுறுத்தல் மிகக் குறைந்த இனங்களோடு இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகக் கிடைப்பதால் அது நியாயமான மதிப்பீடுதான். ஆனால் பட்டியல் இனத்தைத்தான் பார்க்கிறது, ஏரியைப் பார்ப்பதில்லை. மூன்று சென்டிமீட்டர் மீன் சாலையைக் கடந்து பக்கத்து ஏரிக்குப் போகாது. உங்கள் ஏரியில் அது அற்றுப்போனால், இலங்கையில் ஏராளமாக இருப்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் அளவு ஒரே ஓர் ஏரி. இன்னும் சரியாகச் சொன்னால், ஏரியின் கரையோரத்து ஒரு கஜ அகலத் தண்ணீர். மீன் வாழ்வது அங்கேதான்.

முதல் படி: மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்ற படிகள் வீண். சென்னை நீர்நிலைகளின் மேல்மட்டத்தில் நீந்தும் பொடி மீன்கள் பல. எல்லாவற்றையும் "கொசு மீன்" என்று அழைத்துவிடுகிறோம். அந்த ஒரே பெயரால் நேர்ந்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல.

பொட்டு மீனுக்கு உச்சந்தலை தட்டை, வாய் மேல்நோக்கியது. நீர்ப்பரப்பில் விழும் எறும்பையும் கொசுப் புழுவையும் கவ்வுவதற்கான அமைப்பு அது. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. வாலுக்கு வெகு அருகில், பின்னால் தள்ளி இருக்கும். அடித்துடுப்பு நீளமானது. வால் வட்டம். ஆணின் பக்கங்களில் பச்சைப்பொன் புள்ளிகளும், துடுப்புகளில் மஞ்சளும் ஆரஞ்சும் இருக்கும். பெண் சற்று மங்கல். முதுகுத் துடுப்பின் அடியில் கரும்புள்ளி தெரியும். உச்சந்தலையிலுள்ள வெள்ளிப் பொட்டு ஆண், பெண் இரண்டுக்கும் பொது. இதே குடும்பத்தின் பெரிய உறவினர்களுக்கும் அந்தப் பொட்டு உண்டு. அவையும் நம் மண்ணின் மீன்களே என்பதால், கரையில் நின்று எண்ணும்போது அவற்றைச் சேர்த்து எண்ணினால் குற்றமில்லை. குறிப்பேட்டில் மட்டும் "பொட்டு மீன் வகை" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதனோடு குழம்பக்கூடியவை மூன்று. ஒன்று, அரிசி மீன் எனப்படும் ஒரைசியாஸ். கண்ணாடி போல உடல் ஊடுருவித் தெரியும், கண் பெரிது, வால் நறுக்கியது போல நேராக இருக்கும். பெண் மீன் முட்டைக் கொத்தை வயிற்றுக்கடியில் தொங்கவிட்டுக்கொண்டு நீந்துவதைப் பார்க்கலாம். கடலோர ஓடைகளின் உப்புநீரையும் தாங்கும். இதுவும் நம் மண்ணின் மீன்தான். இரண்டாவது, கம்பூசியா. சாம்பல் நிறம், பொட்டு கிடையாது. முட்டையிடாமல் குட்டி போடும் மீன் என்பதால் பெண்ணின் வயிறு உப்பி, அதன் பின்புறம் கருமை படர்ந்திருக்கும். மூன்றாவது கப்பி, ஆணின் வண்ண வாலை வைத்துச் சாக்கடையிலேயே சொல்லிவிடலாம். பின்னிரண்டும் அயல்நாட்டு மீன்கள்.

விரால் குஞ்சுகளைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. அவை செம்மஞ்சள் நிறத்தில் திரளாகச் சேர்ந்து நீர்மட்டத்துக்கு வந்துபோகும். அடியில் தாயோ தந்தையோ காவல் இருக்கும். பொட்டு மீன் அப்படித் திரளாகாது. நாலைந்து ஒரு மூலையில், ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

அடையாளம் உறுதியாக வேண்டுமானால், மூடியுள்ள சிறிய கண்ணாடிப் பெட்டியோ பழைய இனிப்புக் கடை டப்பாவோ போதும். டீ வடிகட்டியை ஒரு குச்சியில் கட்டி மீனை எடுத்து, ஏரித் தண்ணீரிலேயே டப்பாவில் விட்டு, பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று எனப் படம் எடுங்கள். அளவு தெரிய அருகில் அளவுகோல் இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: ஏரியும் அனுமதியும்

வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஏரியையோ குளத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டிய ஏரிக்கு மூன்றாம் மாதம் போக மாட்டீர்கள். என் அனுபவம் இது. கிண்டி தேசியப் பூங்கா, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் காப்புக்காட்டுப் பகுதி போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் தண்ணீரில் கைகூட வைக்கக் கூடாது. மற்ற ஏரிகள் நீர்வளத்துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும். சிலவற்றில் மீன்பிடி குத்தகை இருக்கும். குத்தகைதாரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். நான் பேசியபோது வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "இதைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள் தம்பி, குழம்புக்குக் கூட ஆகாதே?" என்றார். அதற்குப் பிறகு ஏரியில் எங்கே எது நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். மழைக்காலத்துத் தேங்கு நீரில் எலிக்காய்ச்சல் வரலாம். பொதுவாகவே இறங்கத் தேவையில்லை.

மூன்றாம் படி: பொட்டு எண்ணுங்கள்

இந்த மீனுக்கு இயற்கையே அடையாள அட்டை கொடுத்திருப்பதால் வலை போடாமல் கணக்கெடுக்கலாம். மற்ற பொடி மீன்களுக்கு இந்த வசதி இல்லை.

கரையோரமாகப் பத்து மீட்டர் நீளத்தை நடந்து அளந்து, இரு முனைகளிலும் மறக்க முடியாத அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: பனைமரம், மதகு, மின்கம்பம் என எதுவானாலும் சரி. இப்படி ஐந்து துண்டுகள் போதும். ஆனால் ஐந்தும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. கோரை அடர்ந்த ஓரம் ஒன்று, அல்லி மிதக்கும் ஓரம் ஒன்று, கல் பதித்த கரை ஒன்று, கால்வாய் வந்து சேரும் இடம் ஒன்று, வெறும் மண் கரை ஒன்று. நன்றாக இருக்கும் இடத்தை மட்டும் எண்ணிவிட்டு ஏரியே நன்றாக இருக்கிறது என்று எழுதுவது நம் ஊரில் பரவலான நோய்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரம் ஏற்றது. சூரியனுக்கு முதுகு காட்டினால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். முகம் காட்டினால் கண் கூசும். பக்கவாட்டில் நில்லுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, பிறகு மெதுவாக நடந்து, ஒரு துண்டுக்கு ஐந்து நிமிடம் எண்ணுங்கள். திரும்பி வரும்போது எண்ணாதீர்கள், இரட்டிக்கும். காற்றடித்து நீர்மட்டம் சிலிர்க்கும் நாளில் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, நேரம், பொட்டுகளின் எண்ணிக்கை, கரையோரத்தில் முழங்கால் ஆழம் எத்தனை அடி தூரம் வரை இருக்கிறது, என்னென்ன செடி, கம்பூசியாவோ கப்பியோ கண்ணில் பட்டதா என்ற ஐந்தாறு விவரங்கள் போதும். அமிலத்தன்மைப் பட்டை, கரைபொருள் அளக்கும் கருவி எல்லாம் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். மாதம் ஒரு முறை, விடாமல் எண்ணுவதுதான் கருவி.

எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் தாவிக் குதிக்கும். அதைக் கண்டு மகிழவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பரவிவிடும், மீன்களும் சிதறிப்போகும், எண்ணிக்கை விழும். தை, மாசியில் தண்ணீர் தெளிந்து எண்ணிக்கை கூடும். கோடையில் தண்ணீர் சுருங்கும்போது இருக்கும் மீனெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, ஏதோ பெருகிவிட்டது போலத் தோன்றும். ஒரு ஆண்டின் தையை அடுத்த ஆண்டின் தையோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொட்டு மீன் இருக்கிறது என்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று வாதாடாதீர்கள். மேல்நோக்கிய வாயால் நீர்ப்பரப்பை ஒட்டிய, காற்றுப்பட்ட தண்ணீரை எடுத்துக்கொள்வதால், ஓரளவு சாக்கடை கலந்த நீரிலும் அது சமாளித்துக்கொள்ளும். அது சமாளிக்காத விஷயம் வேறு. அடுத்த படி அதைப் பற்றியது.

நான்காம் படி: ஓரத்தைக் காப்பாற்றுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்சென்னையில் ஓர் ஏரிக்கரையில் முப்பது பேர் சேர்ந்து தூய்மைப் பணி செய்தோம். ஏரியின் பெயர் வேண்டாம். ஏற்பாடு செய்தவர்களில் நானும் ஒருவன். பிளாஸ்டிக்கை எடுத்தோம். அதோடு நிற்காமல், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று கரையோரக் கோரையையும் வேலம்பாசியையும் வாரி இழுத்து மேட்டில் குவித்தோம். பதினொரு மணிக்கு வடை வந்தது. குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பாசிக்குள் ஏதோ மினுங்கியது. விலக்கிப் பார்த்தால் பொட்டுகள். சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. கைநிறைய அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டேன், பாதி மிதந்தன. அந்தப் பக்கத்துக் கரையில் அதற்கு முந்தைய மாதம் நாற்பதுக்கு மேல் எண்ணியிருந்தேன். அடுத்த மாதம் மூன்று.

குவித்த பாசியில் மீன் மட்டும் இல்லை, முட்டையும் இருந்திருக்கும். பொட்டு மீன் ஒரே நாளில் மொத்தமாக முட்டையிடுவதில்லை. நாளுக்குச் சிலவாக, செடியின் வேரிலும் இலையிலும் ஒட்டவைக்கும். பொரிப்பதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும். நடு ஏரியில் விராலும் கெளுத்தியும் இருக்கின்றன. வானத்தில் மீன்கொத்தியும் கொக்கும். இரண்டுக்கும் எட்டாத இடம் செடி அடர்ந்த ஆழமற்ற ஓரம் மட்டுமே. தின்பதற்கான பூச்சிகள் விழுவதும் அங்கேதான். கோரையை அகற்றினால் வீடு, தொட்டில், சமையலறை மூன்றையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறோம்.

அதற்காக எதையும் தொடாதே என்று சொல்லவில்லை. ஆகாயத்தாமரை ஏரி முழுவதும் போர்த்திவிட்டால் அடியில் வெளிச்சமும் உயிர்க்காற்றும் அற்றுப்போகும். நீர்மட்டத்தில் வாழும் மீனுக்கு மட்டமே இல்லாமல் போகும். அதை எடுக்கத்தான் வேண்டும். எடுக்கும் விதம்தான் முக்கியம். பட்டை பட்டையாக எடுங்கள். ஒரு பட்டை எடுத்தால் அடுத்ததை இரண்டு வாரம் விட்டுவையுங்கள். ஒவ்வொரு செடியையும் கரைக்கு இழுக்குமுன் வேரைத் தண்ணீரிலேயே நன்றாக அலசுங்கள். குவியலைத் தண்ணீர் விளிம்பைத் தொட்டபடி ஒரு இரவு வைத்தால், உள்ளே சிக்கிய பூச்சிகளும் மீன்களும் பெரும்பாலும் தாமே இறங்கிவிடும். கோரை, சம்பு, அல்லி, வேலம்பாசி இருக்கட்டும். நடைபாதைக்கு முன்னால் கொஞ்சம் திறப்பு வேண்டும் என்றால் அந்த இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

இது நம் கையால் செய்யும் சேதம். பெரிய சேதம் ஒப்பந்தப் புள்ளியில் வருகிறது. ஏரிச் சீரமைப்பு என்றாலே ஆழப்படுத்துவது, கரையைச் செங்குத்தாக உயர்த்துவது, உட்புறம் கருங்கல் பதிப்பது, மேலே நடைபாதை போடுவது என்று ஒரு வரைபடம் உருவாகிவிட்டது. நீரின் கொள்ளளவு கூடும் என்பது உண்மை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற யாரும் அதை எளிதாகத் தள்ள மாட்டார்கள். ஆனால் சுற்றிலும் செங்குத்துக் கரை கட்டிய ஏரி, இந்த மீனைப் பொறுத்தவரை ஒரு பெரிய கிணறு. காலடியிலேயே ஆழம். செடி வேர்பிடிக்க இடமில்லை. விரால் வந்து கரையைத் தொட்டுவிட்டுப் போகும்.

பழைய ஏரிகளின் அமைப்பு இப்படி இல்லை. கரை ஒரு பக்கம்தான்; அங்கே ஆழம், அங்கே மதகு, அங்கே உபரிநீர் வழிந்தோடும் கலங்கல். எதிர்ப்பக்கம், வரத்துக்கால்வாய் வந்து சேரும் பக்கம், தரை மெல்லச் சரிந்து, எங்கே நிலம் முடிகிறது எங்கே நீர் தொடங்குகிறது என்று தெரியாதபடி இருக்கும். பொட்டு மீனின் தலைநகரம் அந்தப் பக்கம். ஆண்டில் பாதி நாள் காய்ந்து கிடப்பதால் அது காலி மனை போலத் தெரிகிறது; ஆக்கிரமிப்பும் குப்பைமேடும் முதலில் தொடங்குவதும் அங்கேதான். ஆகவே ஏரியின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று செய்தி வந்தால், மீனின் வாழிடம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று எண்ணாதீர்கள். அநேகமாகப் பாதி போயிருக்கும் என்பது என் கணிப்பு.

சீரமைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் வேலை தொடங்குமுன் போய்க் கேளுங்கள். இயந்திரம் இறங்கிய பிறகு கேட்பதில் பயனில்லை. குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் மனு இருந்தால் கவனிக்கப்படும். மனுவில் "பல்லுயிர்" என்று எழுதி நிறுத்திக்கொள்ளாமல், வரைபடத்தில் கை வைத்துக் காட்டக்கூடிய நான்கு கோரிக்கைகளை வையுங்கள். வரத்துக்கால்வாய்ப் பக்கத்தில் கல் பதிக்க வேண்டாம். அங்கே ஐந்தடி நடந்தால் ஓரடி இறங்கும் அளவுக்கு மெல்லிய சரிவு இருக்கட்டும். ஆழப்படுத்துவதை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை ஏரியை முழுதாகச் சுற்றி வர வேண்டாம். இரண்டு முனையிலும் நின்று திரும்பினால் நடப்பவருக்கும் அதே தூரம்தான். நான் பார்த்தவரை பொறியாளர்கள் மறுக்கும் கோரிக்கை இது அல்ல. கல் குறைந்தால் செலவும் குறைகிறதே. சுற்றி நடக்க முடியாது என்று குடியிருப்பவர்கள்தான் சண்டைக்கு வருகிறார்கள். அவர்களை ஒரு காலை நேரம் அழைத்துக்கொண்டு போய்ப் பொட்டைக் காட்டுங்கள். குழந்தைகள் கூட வந்தால் வேலை எளிது.

ஐந்தாம் படி: வெளியூர் மீனை உள்ளே விடாதீர்கள்

கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மலேரியாவை ஒழிக்கும் நோக்கம். அன்றைக்கு அது தவறாகத் தெரிந்திருக்காது. கொசுப் புழுவைத் தின்னும் என்பது உண்மை. அதோடு மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும், வெகு வேகமாகப் பெருகும் என்பதும் உண்மை. பொட்டு மீன் நிற்கும் அதே மேல்மட்டம், அதே ஓரம், அதே உணவு. தேசிய பல்லுயிர் ஆணையம் கம்பூசியாவையும் கப்பியையும் ஊடுருவும் அயல் இனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் கொசு பெருகும் மாதங்களில் யாரோ ஒருவர் பையில் மீன் கொண்டுவந்து ஏரியில் கொட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்.

பொட்டு மீனும் கொசுப் புழு தின்னும். காசில்லாமல், தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துகொண்டிருக்கிறது. யாராவது மீன் விட வருவதாகத் தெரிந்தால் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்கள். கொசுவின் உண்மையான பண்ணை மொட்டைமாடித் தொட்டி, தேங்காய் ஓடு, மூடாத கிணறு இவற்றில் இருக்கிறது. ஏரியில் மீன் விடுவதால் அவை மூடப்படுவதில்லை.

ஜிலேபி மீன் 1952-இல் வந்து இன்று எல்லா நீரிலும் இருக்கிறது. அதை இனி அகற்ற முடியாது, பிடித்துத் தின்பதுதான் ஒரே வழி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீனும் நம் ஏரிகளுக்கு வந்துவிட்டது. வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்ட மீனை ஏரியில் விடுவது கருணை என்று நினைப்பவர்கள் அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம், பலர் வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் ஏரியில் கம்பூசியா ஏற்கெனவே இருந்தால்? முழுதாக ஒழிக்க முடியாது. ஆனால் செடி அடர்ந்த ஓரத்தில் மற்ற மீனுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. கல் பதித்த கரையில் அது இல்லை. மறுபடியும் நான்காம் படிக்கே வந்து நிற்கிறோம்.

ஆறாம் படி: வற்றும் மாதங்கள்

ஆப்பிரிக்காவில் இதே கில்லி வகையைச் சேர்ந்த சில மீன்களின் முட்டைகள் காய்ந்த சேற்றுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மழை வந்ததும் பொரிக்கும். பொட்டு மீனுக்கு அந்த வித்தை தெரியாது. ஏரி முழுதாக வற்றினால் அங்கே இருப்பது அத்தனையும் போகும். மறுபடி வருவது மழைநீரோடு, மேலேயுள்ள ஏரியிலிருந்து.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பிறகு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று ஒரு சங்கிலி. 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, பெற்றது இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியான பள்ளிக்கரணை மட்டும். கண்ணிகளை இணைக்கும் போக்குக்கால்வாயில் குப்பை அடைத்தால் வெள்ளம் வருகிறது என்பது 2015-க்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். அடைத்த கால்வாயில் மீனும் வராது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உங்கள் ஏரிக்கு மேலே எந்த ஏரி, கீழே எது என்று ஒரு நாள் நடந்து பார்த்துவிடுங்கள். கலங்கலிலிருந்து தண்ணீர் விழும் இடம் எவ்வளவு உயரம், கால்வாய் எங்கே குழாயாக மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் கால்வாய் தூர்வாரும்போது அந்தக் குறிப்பு உதவும்.

மே மாதம் குட்டைகளில் மீன் சிக்கித் தவிக்கும். அப்போது மீட்பதற்கு ஒரே விதி: அதே ஏரியின் ஆழமான பகுதிக்கு மட்டும் மாற்றுங்கள். வேறு ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். வாளியில் ஏரித் தண்ணீரே இருக்கட்டும், மேலே ஈரத் துணி போடுங்கள்; இந்த மீன் நன்றாகத் துள்ளும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். வாளியில் கம்பூசியா கலந்திருந்தால் பிரித்தெடுத்த பிறகே விடவேண்டும்.

ஏழாம் படி: வீட்டுத் தொட்டி, விருப்பமிருந்தால்

இது கட்டாயம் இல்லை. ஆனால் முட்டையை ஒருமுறை கையில் பார்த்தவர் கோரையை வேறு கண்ணால் பார்ப்பார் என்பதால் சொல்கிறேன்.

ஐம்பது லிட்டர் கொள்ளும் சிமெண்டுத் தொட்டி போதும். பிளாஸ்டிக் தொட்டி சித்திரை வெயிலில் கொதிக்கும். வைத்தால் நிழலில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், இரண்டு நாள் திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள். பாதிப் பரப்பில் மிதக்கும் செடியும், அடியில் வேலம்பாசியும் இருக்கட்டும். காற்றுக் குழாய் தேவையில்லை. மேலே கொசுவலை கட்டாயம்: மீன் வெளியே துள்ளாமலும், காகமும் மீன்கொத்தியும் உள்ளே வராமலும் இருக்க. விளிம்புக்கு நாலு விரல் கீழே துளையிட்டு அதிலும் வலைத்துணி கட்டுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பி வழிந்து மீன் தெருவில் கிடக்கும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால் சண்டை குறையும். உணவுக்கு அலைய வேண்டாம். எறும்பும் கொசுப் புழுவும் தாமாக வரும். வீடு வீடாகக் கொசுப் புழு பார்க்க வரும் பணியாளர் தொட்டியைக் கண்டு முகம் சுளித்தால் வலையைத் தூக்கிக் காட்டுங்கள். எங்கள் பகுதிக்கு வரும் அம்மாள் இப்போதெல்லாம் மீனைப் பார்ப்பதற்கென்றே இரண்டு நிமிடம் நிற்கிறார்.

பச்சைக் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டி ஒரு தக்கையில் தொங்கவிட்டால் அதில் முட்டையிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தால் கசகசா அளவில் கெட்டியாகத் தட்டுப்படும். நசுங்காது, பயப்படாமல் எடுக்கலாம். தனிக் கிண்ணத்தில் போடுங்கள், பெரிய மீனிடம் விட்டால் குஞ்சைத் தின்றுவிடும். பொரித்த முதல் வாரம் வெயிலில் வைத்துப் பச்சை பிடித்த தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களே உணவு. பிறகு பொடித் தண்ணீர்ப்பூச்சி.

இப்போது அந்தப் பழைய குழப்பத்துக்கு வருகிறேன். கடையில் வாங்கிய பஞ்சாக்ஸ் பார்வஸா, பிளாக்கியா, கேரளத்திலிருந்து வந்ததா, பண்ணையில் கலந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆகவே வீட்டில் பெருகிய மீனை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், ஏரியில் விடக் கூடாது. ஏரியிலிருந்தே எடுத்து வளர்த்ததாக இருந்தாலும் வேண்டாம். தொட்டியில் பிடித்த நோய் அதோடு போகும். மிஞ்சும் குஞ்சுகளை நண்பர்களின் தொட்டிக்குக் கொடுங்கள். தொட்டியைக் கழுவும்போது பழைய தண்ணீரையும் பாசியையும் மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். அந்த வடிகால் எங்கே போகிறது என்று ஆறாம் படியில் நடந்து பார்த்திருப்பீர்கள். பாசியில் முட்டை ஒட்டியிருக்கும். மாடியிலுள்ள செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, பாசியை வெயிலில் பரப்பி இரண்டு நாள் காயவிட்டு உரமாகப் போடுங்கள்.